ஓட்டை ஓரிடம், சொட்டுவது வேறிடம்!

தாம்பரத்தைத் தாண்டி செங்கல்பட்டு போகும் பெரிய சாலையில், வண்டலூருக்கு முன்னால் பெருங்களத்தூர் இருக்கிறது. அங்கே ஒரு காலத்தில் கார் தொழிற்சாலை இருந்தது. ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் தொழிற்சாலை அது. இந்தக் கம்பெனி 1961-ம் ஆண்டில் "ஹெரால்டு" என்ற சிறிய காரைச் செய்யத் தொடங்கியது. டாக்டர்களும் வக்கீல்களும் அதை ஆசையோடு வாங்கினார்கள். இங்கிலாந்தில் பிறந்த கார்தான். ஆனால் நான்கு கதவு வைத்த ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே தயாராயிற்று!

தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. அந்த நிலத்தில் இப்போது கம்ப்யூட்டர் கம்பெனிக் கட்டிடங்கள் நிற்கின்றன. ஆனால் ஹெரால்டு கார் சாகவில்லை. தாத்தா வாங்கிய காரைப் பேரன் துடைத்து வைத்திருக்கும் வீடுகள் உண்டு. மிக இளைய ஹெரால்டுக்கும் 50 வயது ஆகிவிட்டது.

அந்த வயதில் வரும் வியாதி, எண்ணெய் ஒழுகுவது.

கருப்புச் சொட்டு

காலையில் காரை வெளியே எடுக்கிறார்கள். நின்ற இடத்தில் கருப்பாக ஒரு வட்டம். "எஞ்சினை இறக்க வேண்டும்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். வீட்டில் எல்லோருக்கும் பகீர் என்கிறது. எஞ்சினை இறக்குவது என்றால் சும்மாவா?

அவசரப்படக் கூடாது. முதலில், ஒழுகுவது எது என்று தெரிய வேண்டும். இரவில் காருக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வைக்கலாம். பழைய செய்தித்தாளும் போதும். மறுநாள் அதில் விழுந்த கறையைப் பார்க்க வேண்டும். எஞ்சின் எண்ணெய் கருப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும். கியர் பாக்ஸ் எண்ணெய் இன்னும் கெட்டி. கார நெடி அடிக்கும். தண்ணீர் போல் மெல்லியதாகவும் தொட்டால் வழவழப்பாகவும் இருந்தால், அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்படியானால் காரை நகர்த்தவே கூடாது. பிரேக் பிடிக்காமல் போய்விடும்!

எஞ்சின் எண்ணெய்தான் என்றால், அதன் அளவையும் பார்க்க வேண்டும். காரைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சற்று நேரம் கழித்து, அளவுக் குச்சியை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுக்க வேண்டும். கீழ்க்கோட்டுக்கும் குறைந்தால் ஆபத்து. எண்ணெய் இல்லாமல் ஓடும் எஞ்சினில் பேரிங்குகள் தேய்ந்து உருகிவிடும். மேல்கோட்டைத் தாண்டினாலும் தொல்லைதான். மிதமிஞ்சி ஊற்றிய எண்ணெய் எங்காவது வழி தேடும்.

மேலே பார்!

எண்ணெய் ஓட்டைக்கு நேர் கீழே சொட்டுவதில்லை. அது எஞ்சினின் மேலே கசிந்து, பக்கவாட்டில் வழிந்து, போல்ட்டுகளைச் சுற்றிக்கொண்டு, கடைசியில் எது பள்ளமோ அங்கே வந்து சொட்டும். கார் ஓடும்போது எதிர்க்காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே நனைந்திருக்கும் இடத்துக்கு மேலேயும் முன்னாலும்தான் ஓட்டையைத் தேட வேண்டும்.

எஞ்சின் முழுவதும் அழுக்காக இருந்தால் எதைக் கண்டுபிடிப்பது? எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு பாட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு துலக்க வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. பிறகு துணியால் துடைத்து முழுவதும் காயவிட வேண்டும். காய்ந்த எஞ்சினில் சந்தேகமான இடங்களில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவலாம். ஓட்டைக்காரன் அதில் மாட்டிக்கொள்வான்! பாட்டரி ஒயரை மாட்டி, தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரை ஒரு நடை போய் வந்தால் போதும். வெள்ளைப் பவுடரில் கருப்புக் கோடு இறங்கியிருக்கும். அந்தக் கோட்டின் உச்சியில்தான் ஓட்டை இருக்கிறது.

இந்த வேலைக்கு ஹெரால்டைப் போல் வசதியான கார் வேறு இல்லை எனலாம். காரின் முன்பாகம் முழுவதும், விளக்குகளோடு சேர்ந்து, முன்பக்கமாகத் திறந்து சாயும். எஞ்சின் கடை விரித்தாற்போல் தெரியும். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்! காருக்கு அடியில் போக வேண்டுமானால் மட்டும் வெறும் ஜாக்கியை நம்பக் கூடாது. ஜாக்கி சரிந்து உயிர் போனவர்கள் உண்டு. பலமான ஸ்டாண்டு வைத்த பிறகே தலையை உள்ளே விட வேண்டும்.

கார்க் செய்யும் குறும்பு

எஞ்சினின் உச்சியில் தகரத்தால் ஆன மூடி இருக்கிறது. மெக்கானிக்குகள் அதை "டேப்பட் கவர்" என்பார்கள். அதன் அடியில் கார்க் பேக்கிங். சூட்டில் இந்தக் கார்க் காய்ந்து சுருங்கிவிடும். மூடியின் பின்கோடியில் கசியும் எண்ணெய், எஞ்சினின் முதுகு வழியாக இறங்கி, கிளட்ச் உறையின் அடியில் சொட்டும்.

அங்கேதான் மோசம் போகிறார்கள். கிளட்ச் உறையில் சொட்டினால் "பின் சீல் போய்விட்டது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பின்பக்கத்துக்குப் போவதென்றால் கியர் பாக்ஸைக் கழற்ற வேண்டும். ஹெரால்டில் அதைக் காருக்குள்ளிருந்தே எடுப்பார்கள். சீட்டு, கம்பளம், நடு மூடி எல்லாம் வெளியே வரும். ஒரு கார்க் துண்டுக்காக இத்தனை பாடு!

உண்மையில் அந்த எஞ்சினின் பின்பக்கத்தில் ரப்பர் சீலே கிடையாது. கிராங்க் ஷாப்ட்டில் ஸ்குரு போன்ற மறை வெட்டியிருக்கிறது. ஷாப்ட் சுற்றும்போது அந்த மறை எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பும். எஞ்சினுக்குள் காற்றழுத்தம் ஏறினால் மறை தோற்றுவிடும். பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்தாலும் அழுத்தம் ஏறும்; புகை வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டாலும் ஏறும். குழாயைக் கழற்றிக் கழுவுவது சின்ன வேலை. முதலில் அதைச் செய்து பார்க்கலாம்.

எஞ்சினின் முன்பக்கம், அடித்தொட்டியின் மேலே இன்னொரு வேடிக்கை. அங்கே ஒரு சிறிய உலோகக் கட்டை இருக்கும். அதன் இரண்டு ஓர இடுக்குகளையும் மரத்துண்டு செருகி அடைத்திருப்பார்கள். ஆம், மோட்டார் எஞ்சினுக்குள் மரம்! அந்தக் கட்டை மெதுவானது. ஒழுகுகிறதே என்று போல்ட்டை ஓங்கி முறுக்கினால் மறை உருவிக்கொண்டு வந்துவிடும். டேப்பட் கவரும் அப்படித்தான். இறுக்க இறுக்கத் தகரம் வளைந்து இன்னும் அதிகமாக ஒழுகும். பேக்கிங்கை மாற்றுவதுதான் வழி.

எண்ணெய் அழுத்தம் காட்டும் ஸ்விட்ச், பெட்ரோல் பம்ப்பின் அடி, எண்ணெய் வடிக்கும் பிளக், பில்டர் உட்காரும் இடம்: இவற்றையும் ஒரு முறை தடவிப் பார்ப்பது நல்லது. எல்லாம் ஸ்பானரோடு முடியும் வேலைகள்.

சூடான சைலன்ஸர் குழாய் மேல் எண்ணெய் சொட்டிப் புகைந்தாலோ, கிளட்ச் நழுவினாலோ, எண்ணெய் விளக்கு எரிந்தாலோ காரை உடனே ஓரம் கட்டிவிட வேண்டும். இவை மூன்றும் இல்லாமல், இரவில் ஒரு சொட்டு, இரண்டு சொட்டுதான் என்றால், பல ஹெரால்டுக்காரர்கள் அடியில் ஒரு தகரத் தட்டை வைத்துவிட்டு, ஞாயிறுதோறும் அளவுக் குச்சியைப் பார்த்துக்கொள்கிறார்கள்.