மல்லாட்டைக் குருத்தில் மூன்று உருவம்

கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருப்பவர்களிடம் அசுவினி என்று சொன்னால் சிலர் ஒரு கணம் யோசிப்பார்கள். பேன் என்றால் உடனே புரியும். விதைத்து ஒரு மாதம் ஆன செடி, பத்து நாளாக மழை இல்லை, நுனிக்குருத்து லேசாகச் சுருண்டிருக்கிறது. அந்தக் குருத்தை விரலால் மெல்லப் பிரித்து, ஒரு லென்ஸை வைத்துப் பாருங்கள்.

முதலில் தெரிவது எள்ளைவிடச் சிறிய, மெருகேற்றியதுபோல் பளபளக்கும் கருப்புப் பூச்சி. கால்கள் மட்டும் வெளுத்திருக்கும். முதுகின் பின்பகுதியில் இரண்டு கருப்புக் குழல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அதை ஒட்டியே, சாம்பல் பூசியதுபோல் மங்கலான பொடிப்பூச்சிகள். ஓரத்தில் ஒன்று, கண்ணாடிபோன்ற இறக்கையைக் கூரைபோல மடக்கி வைத்திருக்கும். மூன்று விதமான பூச்சி என்றுதான் தோன்றும். மூன்றும் ஒரே இனம்: ஏபிஸ் கிராக்சிவோரா. அவரைக் கொடியிலும் காராமணியிலும் கருப்பாக அப்பிக்கொள்வதும் இதுவே. எருக்கஞ்செடியில் மஞ்சளாக மொய்ப்பது வேறு இனம்.

மங்கலான பொடிசுகள் இதன் குட்டிகள். உடம்பில் இருப்பது மெழுகுத்தூள். நான்கு முறை தோலுரித்து, நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் கருப்புத் தாயாகிவிடும். இலையில் உமிபோல ஒட்டிக்கிடக்கும் வெள்ளைத் துணுக்குகள் உரித்துப்போட்ட தோல்கள். இந்தத் தாய் முட்டையிடுவதில்லை, குட்டி போடுகிறது. பொறுமை இருந்தால் பிரசவத்தையே பார்க்கலாம்: குட்டியின் பின்பக்கம் முதலில் வரும், தலை கடைசியில். ஆண் துணை தேவையில்லை, பிறப்பதெல்லாம் பெண். அந்த மகள் பிறக்கும் முன்பே அவள் வயிற்றில் பேத்திகள் கருவாகத் தொடங்கியிருக்கும். மூன்று தலைமுறை ஓர் உடம்புக்குள்! எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது வியப்புதான். 1740இல் ஜெனீவாவில் சார்லஸ் பொன்னே என்ற இருபது வயது இளைஞர், பிறந்த கையோடு ஓர் அசுவினியைத் தனியே அடைத்து வைத்துக் கவனித்தார். ஆணையே காணாத அந்தப் பூச்சி 95 குட்டிகளை ஈன்றது.

இறக்கை எதற்கு? கூட்டம் பெருகி ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும்போது, செடியின் சாறும் குறையும்போது, தாய் போடும் குட்டிகளில் சில இறக்கையோடு வளர்கின்றன. மரபணு அதேதான், நெருக்கடிதான் உருவத்தை மாற்றுகிறது. காற்றோடு பறந்து அடுத்த கொல்லையில் இறங்கும் இறக்கைக்காரி, அங்கே இறக்கையில்லாத மகள்களைப் பெறும். ஆப்பிரிக்காவில் மல்லாட்டையைக் குட்டையாக்கி அழிக்கும் ரோசெட் வைரஸ் நோயைச் செடிக்குச் செடி கொண்டுசேர்ப்பதும் இதே இனம்.

எல்லா அசுவினியும் இப்படி ஆணே இல்லாமல் காலம் தள்ளுவதில்லை. வட துருவத்துக்கு அருகே, ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் நம் அசுவினியின் உறவு ஒன்று வாழ்கிறது. எட்டிதழ் வெள்ளைப் பூப் பூக்கும் ட்ரயாஸ் என்ற தரையோட்டச் செடிதான் அதற்கு வீடு. அங்கே கோடை மிகச் சிறியது. தலைமுறை தலைமுறையாகப் பெருக நேரமில்லை. பனிக்கடியில் கிடந்த முட்டையிலிருந்து வரும் தாய், நேரடியாகவே ஆண்களையும் முட்டையிடும் பெண்களையும் பெற்றுவிடுகிறது. அவை கூடி இடும் முட்டைதான் அடுத்த குளிரைத் தாண்டும். கூடவே குட்டிபோடும் மகள்கள் சிலரையும் அந்தத் தாய் பெறும். கோடை நீண்டால் அவர்களும் ஒரு தலைமுறையை உண்டாக்கிவிடுவார்கள்.

நம் சமவெளியில் அப்படிக் கடக்க வேண்டிய குளிர் இல்லை. அதனால் ஆணுக்கும் முட்டைக்கும் வேலையில்லை. கொல்லையில் பயிர் இல்லாத நாட்களில் வரப்போரத்துக் கிளிரிசிடியாவின் இளங்குருத்து போதும், இந்தப் பெண்கூட்டத்துக்கு.

மருந்தடிக்கும் முன் ஒன்று செய்யுங்கள்: இறக்கை உள்ளவை எத்தனை, பொறிவண்டு இருக்கிறதா என்று குருத்தைப் பிரித்துப் பாருங்கள். கருஞ்சாம்பல் நிறத்தில் முதலைக்குட்டிபோல நீண்டு ஊர்வதைப் பூச்சி என்று நசுக்கிவிடுகிறார்கள். அது பொறிவண்டின் புழு. போன வாரம் நான் பிரித்த குருத்தில் அப்படி ஒன்று, ஒரு கருப்புத் தாயைக் கவ்விக்கொண்டிருந்தது. இலை விளிம்பில் இறக்கைக்காரி ஒன்று முன்கால்களை உயர்த்திக் காற்றைத் தேடிக்கொண்டிருந்தது.