முன்பணம் கேட்கும் வாசல்

அயல் மாநிலத்தில் குடித்தனம் நடத்தும் குடும்பங்களுக்கு நள்ளிரவில் நேரும் ஆபத்தைக் காட்டிலும் பெரிய சோதனை வேறில்லை. சொந்த ஊரானால் மாமன் மைத்துனர் ஓடிவருவர். பக்கத்துக் கடைக்காரராவது கைமாற்றுத் தருவார். ஜெய்ப்பூரிலோ கோட்டாவிலோ நம்மவர் வீடொன்றில் அத்தகைய வேளை வந்தால், ஆஸ்பத்திரி வாசலில் முதலில் எழும் வினா பெரும்பாலும் நோயைப் பற்றியதன்று, முன்பணத்தைப் பற்றியதே. அவ்வினாவையே சட்டத்தின் மூலம் விலக்கிவிட ராஜஸ்தான் சர்க்கார் 2023-ஆம் ஆண்டில் முற்பட்டது. அம்முயற்சிக்கு நேர்ந்த கதியை நம் வாசகர்கள் சற்று விரிவாக அறிந்துகொள்வது நலம்.

சுகாதார உரிமை மசோதா 2022 செப்டம்பரில் ராஜஸ்தான் சட்டசபையில் கொண்டுவரப்பட்டது. எதிர்ப்பு பலமாகவே, தேர்வுக் குழுவுக்கு அனுப்பப்பட்டு, திருத்தங்களுடன் 2023 மார்ச் 21-ஆம் தேதி நிறைவேறியது. அதன் உயிர்நாடி ஒரே ஷரத்தில் இருந்தது. விபத்து, பாம்புக்கடி, மிருகக்கடி, பிரசவ ஆபத்து போன்ற அவசர நிலைகளில், சர்க்கார் ஆஸ்பத்திரியாயினும் தனியார் ஆஸ்பத்திரியாயினும், தன் வசதிக்கேற்ற சிகிச்சையை முன்பணம் கேளாமல் அளிக்க வேண்டும் என்பதே அது. போலீஸ் சம்பந்தப்பட்ட விவகாரம் என்று காரணம் காட்டியும் தாமதிக்கலாகாது. நோயாளி பின்னர் கட்டணம் செலுத்த இயலாவிடில் சர்க்கார் ஈடு செய்யும். மீறுவோர்க்கு முதல் முறை 10,000 ரூபாய் வரையிலும், மறுமுறை 25,000 ரூபாய் வரையிலும் அபராதம். இன்னொரு விஷயம் நம்மவர் கவனிக்கத் தக்கது. சட்டம் அம்மாநிலத்தில் வசிப்போரைப் பற்றிப் பேசியதே ஒழிய, பிறந்த ஊரைக் கேட்கவில்லை.

தனியார் ஆஸ்பத்திரி உரிமையாளரும் இந்திய மருத்துவச் சங்கத்தாரும் வெகுண்டெழுந்தனர். மாநிலமெங்கும் தனியார் ஆஸ்பத்திரிகள் கதவடைத்தன. ஜெய்ப்பூரில் திரண்ட டாக்டர்கள் மீது போலீஸார் தண்ணீர் பீய்ச்சியடித்ததும் உண்டு. சர்க்கார் ஆஸ்பத்திரிகளின் பயிற்சி டாக்டர்களும் வேலையை நிறுத்தவே, சவாய் மான்சிங் போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளிலும் நோயாளிகள் தவித்தனர். அவசர சிகிச்சை மறுக்கப்படலாகாது என்ற சட்டத்தை எதிர்க்கும் பொருட்டே அவசர சிகிச்சை கிட்டாமற்போன விந்தையை என்னென்பது!

எனினும் அவர்கள் தரப்பில் நியாயமே இல்லை என்று கூறிவிட முடியாது. அவசரம் என்பது எது, அதன் எல்லை எது என்பது தெளிவாக வரையறுக்கப்படவில்லை என்றனர். கண் வைத்தியரிடம் மாரடைப்பு நோயாளியைக் கொண்டுவந்தால் என் செய்வது என்று வினவினர். ஏற்கெனவே நடைபெறும் இன்ஷூரன்ஸ் திட்டங்களிலேயே சர்க்கார் பாக்கி மாதக்கணக்கில் நிலுவையாகிறது, புதுப் பாக்கியை யாரிடம் கேட்பது என்றும் முறையிட்டனர். பத்துப் படுக்கையுடன் சிறு நகரத்தில் நர்ஸிங் ஹோம் நடத்தும் டாக்டருக்கு இது மெய்யான கவலையே. ஆனால் இக்குறைகளுக்குப் பரிகாரம், கெடு வைத்துப் பணம் தரும் ஏற்பாடும் தெளிவான விதிகளுமே ஆகும். எதிர்ப்பாளர் கேட்டதோ அதுவன்று. சட்டத்தையே வாபஸ் பெறு என்பதே அவர்கள் கோஷமாயிருந்தது.

இத்தகைய எதிர்ப்பு உலகுக்குப் புதிதன்று. 1940-களின் பிற்பகுதியில் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் தேசிய சுகாதார இன்ஷூரன்ஸ் கொணர விழைந்தபோது, அமெரிக்க மருத்துவச் சங்கம் ஒவ்வோர் அங்கத்தினரிடமும் 25 டாலர் வசூலிக்க முனைந்து, பிரசாரத் தொழிலில் தேர்ந்த விட்டேக்கர், பாக்ஸ்டர் என்ற தம்பதியரை அமர்த்தி, அது சோஷலிச வைத்தியம் என்று நாடெங்கும் பீதி கிளப்பியது. திட்டம் மடிந்தது. முதியோர்க்கான மெடிகேர் மட்டும் 1965-இல்தான் சட்டமாயிற்று. 2009-இலும் அந்நாட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள், சர்க்காருடன் பேச்சு நடத்திக்கொண்டே, சீர்திருத்தத்தை எதிர்த்த வர்த்தக சபைக்கு 8 கோடி டாலருக்கு மேல் அளித்த செய்தி பின்னர் வெளியாயிற்று.

ராஜஸ்தானில் பணத்துக்குப் பதில் கதவடைப்பே ஆயுதமாயிற்று. தேர்தல் ஆண்டாகையால் முதன் மந்திரி அசோக் கெலோட்டின் சர்க்கார் அதிக நாள் தாக்குப்பிடிக்கவில்லை. ஏப்ரல் 4-ஆம் தேதி எட்டு அம்சங்கள் கொண்ட உடன்பாடு ஏற்பட்டது. 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு விலக்கு; சர்க்காரிடம் சலுகை விலையில் நிலமோ கட்டடமோ பெறாத தனியார் ஆஸ்பத்திரிகள் அனைத்துக்கும் விலக்கு. எஞ்சியவை தனியார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளும், சர்க்கார் கூட்டுறவில் நடப்பவையும், சலுகை நிலம் பெற்றவையும், அவ்வாறு உதவி பெற்ற தர்ம ஸ்தாபனங்களுமே. அதாவது தெருக்கோடியில் நாம் ஓடிப்போகும் ஆஸ்பத்திரி பெரும்பாலும் சட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

உடன்பாட்டின் மற்ற அம்சங்கள் இன்னும் சுவையானவை. குடியிருப்பு மனைகளில் கட்டப்பட்ட ஆஸ்பத்திரிகளை முறைப்படுத்துவது பரிசீலிக்கப்படும்; தீயணைப்பு நற்சான்றை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும்; லைசென்ஸுகள் யாவும் ஒரே சாளரத்தில் வழங்கப்படும்; கிளர்ச்சி வழக்குகள் வாபஸாகும். பாம்பு கடித்தவனுக்கும் கட்டட லைசென்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றுகிறது. உயிர் காக்கும் கடமையைப் பற்றித் தொடங்கிய விவகாரம், வியாபார வசதிகளைப் பெறும் பேரத்தில் முடிந்தது. இனி விதிகளில் மாறுதல் செய்வதாயின் மருத்துவச் சங்கத்தின் இரு பிரதிநிதிகளைக் கலந்துகொள்ள வேண்டும் என்பது எட்டாவது அம்சம். நோயாளிகள் சார்பில் யாரைக் கலப்பது என்று அதில் ஒரு வார்த்தையும் இல்லை. 2023 டிசம்பரில் ஆட்சி மாறும் வரை சட்டத்துக்கு விதிகளும் வகுக்கப்படவில்லை.

அப்படியாயின் ஆபத்து வேளையில் நமக்கு வேறு துணையே இல்லையா என்று குடும்பத்தலைவிகள் கேட்கலாம். உண்டு. விபத்தில் அடிபட்ட ஒருவரை ஓர் ஆஸ்பத்திரி ஏற்க மறுத்து, 20 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வேறோர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதால் அவர் வழியில் இறந்த செய்தியை அடிப்படையாகக் கொண்ட பரமானந்த கட்டாரா வழக்கில், உயிர் காப்பது சர்க்கார் டாக்டர், தனியார் டாக்டர் என்ற பேதமின்றி அனைவர்க்கும் கடமை என்று 1989-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. மத்திய சர்க்காரின் 2010-ஆம் ஆண்டு மருத்துவ நிலையங்கள் சட்டமும், அதை ஏற்ற மாநிலங்களில், அவசர நோயாளியின் நிலையைச் சீராக்கும் பொறுப்பை ஆஸ்பத்திரிகளுக்கு விதிக்கிறது. ராஜஸ்தான் அதை ஏற்ற மாநிலமே.

மோட்டார் விபத்தில் சிக்கியோருக்கு மத்திய சர்க்கார் 2025 மே மாதம் வெளியிட்ட திட்டத்தின்படி, நியமிக்கப்பட்ட ஆஸ்பத்திரிகளில் விபத்து நாளிலிருந்து 7 நாட்கள் வரை, ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை, கையில் பணமின்றியே சிகிச்சை பெறலாம். பிற ஆஸ்பத்திரிகளில் நிலையைச் சீராக்கும் அளவுக்கு மட்டுமே அச்சிகிச்சை கிட்டும். நமது தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டமும், சாலை விபத்துக்குள்ளானவர் எம்மாநிலத்தவராயினும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைச் சர்க்காரே ஏற்க வகை செய்தது. மாரடைப்பும் பாம்புக்கடியும் பிரசவ ஆபத்தும் இவ்விரு திட்டங்களில் அடங்கா.