இரட்டை எரிபொருள் கப்பல் எஞ்சின்களின் செயல்திறனும் உமிழ்வும்: எரியா மீத்தேனை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இயற்கை எரிவாயுவையும் டீசலையும் சேர்த்து எரிக்கும் இரட்டை எரிபொருள் எஞ்சின்கள் கப்பல்களில் பரவலாகி வருகின்றன. புகையும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் குறைவது இவற்றின் நிறை. எரியாத மீத்தேன் வெளியேறுவது குறை. இக்குறை எந்த அளவை எட்டும்போது பருவநிலை சார்ந்த நன்மை முற்றிலும் மறைகிறது என்பதை இக்கட்டுரை எளிய கணக்கீட்டின்வழி விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இரட்டை எரிபொருள் எஞ்சின், இயற்கை எரிவாயு, பைலட் டீசல், நைட்ரஜன் ஆக்சைடு, எரியா மீத்தேன்

முன்னுரை

ஒரு மெகாஜூல் வெப்பத்தைப் பெற டீசலை எரித்தால் சுமார் 74 கிராம் கார்பன் டை ஆக்சைடு உண்டாகும். இயற்கை எரிவாயுவின் முதன்மைக் கூறாகிய மீத்தேனை எரித்தால் சுமார் 55 கிராமே உண்டாகும். ஏறத்தாழக் கால் பங்கு குறைவு. எனினும், மீத்தேன் முழுவதும் எரிந்துவிடும் என்னும் கருதுகோளின் மீதே இவ்வொப்பீடு நிற்கிறது.

இயங்கும் முறை

வளிமண்டல அழுத்தத்தில் மீத்தேன் தானாகத் தீப்பற்றச் சுமார் 540 பாகை செல்சியஸ் வெப்பநிலை வேண்டும். டீசலுக்கு அதில் பாதிக்கும் குறைவே போதும். ஆதலால், சிலிண்டருக்குள் சிறிதளவு டீசலைப் பீய்ச்சி, அதன் சுடரால் எரிவாயுவைப் பற்றவைக்கின்றனர். இதனைப் பைலட் டீசல் என்பர்.

எரிவாயுவைச் செலுத்துவதில் இரு முறைகள் உள்ளன. தாழ் அழுத்த முறையில் எரிவாயு முன்னரே காற்றுடன் கலந்து அழுத்தப்படுகிறது. இது ஓட்டோ சுழற்சியைச் சார்ந்தது. உயர் அழுத்த முறையில் அழுத்த வீச்சின் இறுதியில் சுமார் 300 பார் அழுத்தத்தில் எரிவாயு பீய்ச்சப்பட்டு, உட்புகும்போதே எரிகிறது; இது டீசல் சுழற்சியைச் சார்ந்தது.

செயல்திறன்

உயர் சுமையில் இரு முறைகளின் வெப்பத் திறனும் டீசல் எஞ்சினுக்கு நிகராக அமையக்கூடும். தாழ் அழுத்த முறையில் சுமை மிகும்போது, கலவை சுடர் வருமுன் தானே வெடித்தெரியும் நாக்கிங் நிகழ வாய்ப்புண்டு. அது எஞ்சினின் திறனுக்கு வரம்பு விதிக்கிறது. சுமை குறையும்போது சிக்கல் வேறாகிறது. காற்றின் அளவு உரிய அளவு குறையாமல் எரிவாயு மட்டும் குறைவதால் கலவை நீர்த்துப்போகிறது. பைலட் சுடர் கலவை முழுவதும் பரவ இயலாமல் வெப்பத் திறன் சரிகிறது.

உமிழ்வு

மீத்தேன் மூலக்கூறில் கார்பன்–கார்பன் பிணைப்பு இல்லை. ஆதலால் கரித்துகள் பெரிதும் குறைகிறது. நீர்த்த கலவை எரிகையில் சுடரின் வெப்பநிலை தணிவதால் நைட்ரஜன் ஆக்சைடுகளும் குறைகின்றன. நிமிடத்திற்கு 130 சுற்றுக்குக் குறைவாக இயங்கும் எஞ்சின்களுக்குப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் மூன்றாம் நிலை வரம்பு கிலோவாட்-மணிக்கு 3.4 கிராம். எரிவாயுவில் இயங்கும் தாழ் அழுத்த எஞ்சின்கள் துணைக் கருவியின்றியே இதனை எட்டுகின்றன. உயர் அழுத்த எஞ்சின்களுக்கோ வெளியேறு வாயு மறுசுழற்சியோ வினையூக்கி வழிக் குறைப்போ தேவைப்படுகிறது.

எரியா மீத்தேன்

பிஸ்டன் வளையத்தை ஒட்டிய இடுக்குகளிலும் குளிர்ந்த சுவர்ப் பகுதியிலும் சுடர் அணைகிறது; வால்வுகள் ஒருசேரத் திறந்திருக்கும் கணத்தில் கலவையின் ஒரு பகுதி நேரே வெளியேறுகிறது; தாழ் சுமையில் எரிப்பு முழுமையடைவதில்லை. பொறியியல் வழக்கில் மீத்தேன் ஸ்லிப் எனப்படுவது இதுவே. முன்கலவையால் இயங்கும் தாழ் அழுத்த முறையில் இது மிகுதி.

பருவநிலை மாற்றத்திற்கான அரசுகளுக்கிடையேயான குழுவின் ஆறாம் மதிப்பீட்டின்படி, புதைபடிவ மீத்தேனின் வெப்பமூட்டும் ஆற்றல் கார்பன் டை ஆக்சைடைப் போல் 100 ஆண்டு அளவில் 29.8 மடங்கு, 20 ஆண்டு அளவில் 82.5 மடங்கு. ஒரு மெகாஜூல் என்பது சுமார் 20 கிராம் மீத்தேன். வெப்பத் திறன் சமம் எனக் கொண்டு கணக்கிட்டால், 100 ஆண்டு அளவில் சுமார் 3 விழுக்காடும், 20 ஆண்டு அளவில் 1 விழுக்காட்டிற்குச் சற்று மேலும் எரியாமல் வெளியேறினாலே டீசலைவிடக் கிடைத்த நன்மை முழுவதும் தீர்ந்துவிடும். எரிபொருள் உற்பத்தியிலும் போக்குவரத்திலும் நேரும் உமிழ்வுகள் இக்கணக்கில் சேரவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023/1805 ஆம் ஒழுங்குமுறை, எரிபொருள் நிறையில் வெளியேறும் பங்காக நடுவேக ஓட்டோ எஞ்சினுக்கு 3.1, தாழ்வேக ஓட்டோ எஞ்சினுக்கு 1.7, தாழ்வேக டீசல் சுழற்சி எஞ்சினுக்கு 0.2 விழுக்காடு என இயல்பு மதிப்புகளை வகுத்துள்ளது. இவற்றை மேற்கண்ட வரம்புகளோடு ஒப்பிட்டால், முதல் வகையில் நன்மை எஞ்சவில்லை. இரண்டாவது 100 ஆண்டு அளவில் நன்மையும் 20 ஆண்டு அளவில் தீங்கும் தருகிறது. மூன்றாவது இரு அளவிலும் நன்மை தருகிறது. நைட்ரஜன் ஆக்சைடில் முந்தும் முறையே மீத்தேனில் பின்தங்குகிறது.

மதிப்பீட்டின் இடைவெளி

2013 இல் நடைமுறைக்கு வந்த எரிசக்தித் திறன் வடிவமைப்புக் குறியீடு, ஒரு டன் திரவ இயற்கை எரிவாயுவுக்கு 2.75 டன், டீசலுக்கு 3.206 டன் எனக் கார்பன் டை ஆக்சைடை மட்டுமே கணக்கிடுகிறது. எரியா மீத்தேன் அதில் இடம்பெறாததால் மேற்கண்ட மூன்று வகைகளும் எரிபொருளளவில் ஒரே சலுகையைப் பெறுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் உமிழ்வு வணிகத் திட்டம் 2026 முதல் கப்பல்களின் மீத்தேனையும் கணக்கில் சேர்க்கிறது.

வெளியேறிய மீத்தேனை வினையூக்கியால் எரிப்பதும் எளிதன்று. ஹைட்ரோகார்பன்களுள் ஆக்சிஜனேற்றத்திற்கு மிகக் கடினமானது மீத்தேனே. அதற்குச் சுமார் 400 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். மீத்தேன் மிகுதியாக வெளியேறும் தாழ் சுமையிலோ வெளியேறு வாயு குளிர்ந்திருக்கும்.

முடிவுரை

இரட்டை எரிபொருள் எஞ்சின் தூயதா என்னும் வினாவிற்கு ஒற்றை விடை இல்லை. எரிவாயு செலுத்தப்படும் முறையும் இயங்கு சுமையுமே விடையைத் தீர்மானிக்கின்றன. உந்துகை எஞ்சின்களுக்கான சோதனைச் சுழற்சியில் 25 விழுக்காட்டுச் சுமைக்கு 0.15 எடையே தரப்படுகிறது; துறைமுகத்தை அணுகியும் மெதுவோட்டத்திலும் நெடுநேரம் இயங்கும் கப்பலின் உண்மை நிலையை இது காட்டாது. எனவே, ஆய்வு முடிவுகளை வெளியிடுவோர் நைட்ரஜன் ஆக்சைடு, கரித்துகள் ஆகியவற்றுடன் ஒவ்வொரு சுமைநிலைக்குமான எரியா மீத்தேன் அளவையும் தருதல் இன்றியமையாதது.