அங்கிக்குள் அச்சிட்ட எண்

அன்னாசிக்குப் பெயர்போன பெக்கான் நானாஸ் கடலோர ஊர் அல்ல. அது அமைந்துள்ள பொந்தியான் வட்டாரத்தில் இலைதழை மக்கிய சதுப்பு நிலம் அதிகம். அப்படிப்பட்ட நிலத்தில் ஓடும் நீர் கரும்பழுப்பாக இருக்கும். சற்றே அமிழ்ந்த ஆளைக்கூடப் படகிலிருந்து பார்க்க முடியாது. அங்கே நீர்ச்சறுக்குக்கும் வேக்போர்டுக்கும் லைஃப் ஜாக்கெட் வாங்குபவர் முதலில் எண்ண வேண்டியது இதைத்தான். ஆனால் 2017 சீ விளையாட்டுப் போட்டியில் புத்ராஜெயா ஏரியில் சறுக்கியவர்கள் அணிந்ததைப் போன்ற மெல்லிய, உடலோடு ஒட்டிய அங்கிதான் இளைஞர்களின் கண்ணில் படுகிறது. அவற்றில் பல, அடி படாமல் தாங்குவதற்காகத் தைத்தவை. மிதக்க வைப்பதாக உறுதி தருபவை அல்ல. கடையில் இவையும் மிதக்க வைக்கும் அங்கிகளும் அருகருகே தொங்கும். எது எதுவென்று சொல்வது உட்புறச் சீட்டு மட்டுமே.

அந்தச் சீட்டில் ஐஎஸ்ஓ 12402-5 என்றும் 50 என்றும் இருக்க வேண்டும். 50 நியூட்டன் என்பது ஏறக்குறைய 5 கிலோ எடையை நீரில் தூக்கிப் பிடிக்கும் விசை. இவ்வளவு போதுமா என்று கேட்கலாம். நீருக்குள் மனித உடலின் பெரும்பகுதி தானே மிதக்கிறது. தலையை மேலே வைத்திருக்கப் பெரும்பாலான பெரியவர்களுக்குக் கூடுதலாக மூன்று முதல் ஐந்தரை கிலோ வரைதான் தேவை. முன்பு இந்த வேலையை இலவம்பஞ்சு செய்தது. நம் தலையணைக்குள் இருக்கும் அதே பஞ்சு லைஃப் ஜாக்கெட்டுக்குள்ளும் இருந்தது; உறை கிழிந்தால் நீர் ஊறிக் கனத்துவிடும். இப்போதுள்ள நுரைப்பொருள் ஊறாது. ஆனால் மேலே உட்கார்ந்து நசுக்கினால் அதன் மிதப்பும் குறையும், ஆகவே படகில் அதை மெத்தையாக்க வேண்டாம்.

நன்றாக நீந்தத் தெரிந்தவனுக்கு இது எதற்கு என்பது வழக்கமான மறுப்பு. நீச்சல் உதவுவது நினைவோடு இருக்கும்போதுதான். மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் இழுபட்டு விழுபவருக்கு நீர் மெத்தென்று இருக்காது. மூச்சு அடைத்துவிடும், பலகை தலையில் படலாம். அப்படியானால் 150 நியூட்டன் அங்கியே மேலல்லவா என்பது இதைவிட வலுவான கேள்வி. 50 நியூட்டன் அங்கி மயங்கியவரைக் குப்புறக் கிடக்கும் நிலையிலிருந்து திருப்பிவிடும் என்று நம்ப முடியாது, உண்மைதான். ஆனால் கழுத்துப்பட்டையோடு தடித்த அங்கியுடன் வேகத்தில் விழுந்தால் அதுவே கழுத்தை இடிக்கும். காற்றடைத்து உப்பும் வகையோ இந்த விளையாட்டுக்கு ஆகவே ஆகாது. திருப்பிவிடும் வேலையைப் படகுதான் செய்தாக வேண்டும். ஓட்டுபவரைத் தவிர இன்னொருவர் பின்னோக்கி அமர்ந்து சறுக்குபவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் கண்ணுக்குச் சட்டெனப் படும் ஆரஞ்சு, மஞ்சள் நிறங்களை விட்டுக் கறுப்பைத் தேர்ந்தெடுப்பது, பழுப்பு நீரில், அசட்டுத்தனம்.

அளவு விஷயத்தில் பெரியவர்களுக்கு மார்பளவும் குழந்தைகளுக்கு எடையும் கணக்கு. வார்களை இறுக்கி, கைகளை உயர்த்தச் சொல்லி, தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். அங்கி முகவாய்வரை ஏறினால் அது பெரிது. விழும் வேகத்தில் கைத்துளை வழியே நுழையும் நீர் இதைவிடப் பலமாக இழுக்கும், அதனால் ஜிப்போடு இடுப்பைச் சுற்றும் வார்களும் வேண்டும். அடுத்த ஆண்டுக்கும் ஆகட்டுமே என்று பள்ளிச் சட்டையைப் போல் ஒரு சுற்றுப் பெரிதாக வாங்கிவிட்டால், நீரில் அங்கி மேலே நிற்கும், பிள்ளை அதற்குள் கீழே நழுவும்.