விற்று முடிந்தும் பெயர் நிற்கும் சரக்கு

கடையில் சரக்கு தீர்ந்த பிறகும் அதன் பெயர் நிற்குமானால், அதைவிடப் பெரிய முதல் வேறில்லை. போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் வைத்திருந்த பழைய பிலிம் காமிராக்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் எங்கும் கல்யாணம், காதுகுத்து, கடைத் திறப்பு விழா எல்லாம் பிலிம் ரோலில் பதிவான காலம் உண்டு. 2000-க்குப் பிறகு டிஜிட்டல் பரவவே, அந்தக் காமிராக்கள் பீரோவுக்குள் போய்விட்டன. ஆனாலும் நிக்கான், ஹாசல்பிளாட், லைக்கா என்றால் தொழில் தெரிந்தவர்களிடம் இன்றும் தனி மரியாதை. ஏன்?

முதலாவது, நெருக்கடியில் கைவிடாத தன்மை. 1982-ல் வந்த நிக்கான் எப்.எம்.2-ல் ஷட்டர் முழுவதும் இயந்திர முறையில் இயங்கும்; பாட்டரி வெளிச்சத்தை அளக்க மட்டுமே. பாட்டரி தீர்ந்தாலும் தாலி கட்டும் படம் தப்பாது.

இரண்டாவது, பழைய வாடிக்கையாளரை மறவாத குணம். 1959-ல் நிக்கான் எப் காமிராவுக்கு வைத்த லென்ஸ் பொருத்தும் அமைப்பையே அந்நிறுவனம் பின்வந்த எஸ்.எல்.ஆர். காமிராக்களிலும், டிஜிட்டல் வந்த பின்னும் தொடர்ந்தது. சில பழைய லென்ஸ்களுக்குச் சிறு மாற்றம் தேவைப்பட்டாலும், லென்ஸில் போட்ட பணம் ஒரேயடியாக முடங்கவில்லை.

மூன்றாவது, சோதனையில் தேறியது. 1969-ல் நிலவில் மனிதன் இறங்கியபோது படம் எடுத்தது ஹாசல்பிளாட்.

ஆனால் பெயர் மட்டும் சோறு போடாது. ஊட்டியில் 1960-ல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் 'இந்து' என்ற பெயரில் பிலிம் விற்றது. இன்று அந்த ஆலை இல்லை. உலகப் புகழ் பெற்ற கோடக் கம்பெனியே 2012-ல் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. காமிரா நன்றாக இருந்தும், ரோலுக்கும் அதைக் கழுவித் தருவதற்கும் வெளியூரை நாட வேண்டியிருக்கிறது.

ஆகவே உறவினர் ஸ்டூடியோவை மூடும்போது, பழைய காமிராவை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பெயரைப் பார்த்து மட்டும் விலை கொடுத்தும் வாங்காதீர்கள். லென்ஸை வெளிச்சத்தில் பிடித்து, சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மெதுவான வேகங்களில் ஷட்டர் சரியாக மூடுகிறதா, பின்கதவுப் பஞ்சு பிசுபிசுக்கிறதா என்றும் சோதியுங்கள். ஏலக்காய்க்கு ஈரம் எதிரி என்பது நாம் அறிந்ததே, லென்ஸுக்கும் அப்படித்தான். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைப்பது நலம்.

நல்ல சரக்கும், விற்ற பின்னும் தொடரும் பொறுப்பும் சேர்ந்தால்தான் பெயர் நிற்கும். மளிகைக் கடைக்கும் இதே கணக்குத்தான் என்பதை நாம் மறக்கலாகாது.