வயதான குதிரைக்கு மூட்டு வலியா?

ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே, காயல் துறைமுகம் இருந்தது. 13-ம் நூற்றாண்டில் அரபுக் குதிரைகள் அங்கே கப்பலில் வந்து இறங்கின. பாண்டிய மன்னர் பொன்னைக் கொட்டி வாங்கினார். ஆனால், பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாததால் பெரும்பாலானவை சீக்கிரமே மாண்டன என்று வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ எழுதினார்.

நன்றாகப் பராமரித்தால் குதிரை 25 ஆண்டுக்கு மேலும் வாழும். ஆனால், வயதானால் மூட்டு வலி வரும். எலும்புகள் உரசாமல் காக்கும் குருத்தெலும்பு தேய்வதே காரணம். காலையில் கால் விறைக்கும். நடக்க நடக்கக் கொஞ்சம் சரியாகும்.

தேய்ந்ததைப் பழையபடி ஆக்க முடியாது. வலியைக் குறைக்கலாம்.

என்ன செய்யலாம்?

* ஒரே இடத்தில் கட்டிப் போடாதீர்கள். மூட்டு இறுகிவிடும். தினமும் மண் தரையில் மெதுவாக நடத்துங்கள்.

* உடம்பு பெருக்காமல் தீனி கொடுங்கள். எடை கூடினால் வலியும் கூடும்.

* 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை குளம்பைச் சீவுங்கள்.

* படுக்க வைக்கோல் பரப்புங்கள்.

மூட்டு வீங்கிச் சுட்டால் நடத்தாதீர்கள். உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மனிதர் சாப்பிடும் வலி மாத்திரையைக் கொடுக்காதீர்கள். குடலில் புண் வரலாம்.

வண்டி இழுத்துக் குடும்பத்துக்குச் சோறு போட்ட குதிரை அது. வலிக்கிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. நாம்தான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்!