மர விமானமும் மாதவாயபாளையத்துத் துணியும்

விமானம் என்றதும் அலுமினியமே நம் நினைவுக்கு வருகிறது. ஆயின், இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற ‘மாஸ்கிட்டோ’வின் உடல் மரம்! பர்ச் மர ஒட்டுப்பலகை இரண்டு. அவற்றின் நடுவே தக்கைபோல் இலேசான பால்சா. போர்க்காலத்தில் அலுமினியத்திற்குத் தட்டுப்பாடு. நாற்காலி, மேசை செய்யும் தச்சருக்கோ பஞ்சமில்லை. உடலை இரு பாதிகளாகச் செய்து, உட்கருவிகளைப் பொருத்திய பின்னரே ஒன்றாக ஒட்டினர். மேலே போர்த்திய மெல்லிய பருத்தித் துணிக்கு ‘மடப்பொல்லம்’ என்று பெயர். நம் ஆந்திர நாட்டு நரசாபுரத்தை அடுத்த மாதவாயபாளையமே அப்பெயருக்கு மூலம் என்பதை எத்தனை பேர் அறிவர்?

1940 நவம்பர் 25இல் பறந்த முதல் மாஸ்கிட்டோ, அது வரையப்பட்ட சாலிஸ்பரி ஹால் மாளிகையில், லண்டனுக்கு வடக்கே, இன்றும் இருக்கிறது. மாளிகையை வாங்கிய ஓய்வுபெற்ற மேஜர் வால்டர் கோல்ட்ஸ்மித்தின் முயற்சியால் 1959இல் அங்கே காட்சிசாலை திறக்கப்பட்டது. இன்று அதை நடத்துவோர் பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர்கள்.

அவர்கள் வேலை எளிதன்று. இரும்பின் துரு கண்ணுக்குத் தெரியும். பசை விட்டுப்போனால் வெளியே தெரிவதில்லை. ஈரம் புகுந்தால் பலகை உள்ளுக்குள்ளேயே மக்கும். மக்கியதை மாற்றாவிடில் விமானம் நிலைக்காது. எல்லாவற்றையும் மாற்றினாலோ அது முதல் மாஸ்கிட்டோவாக இராது. எதை விடுவது, எதை வெட்டுவது என்பதை ஒவ்வொரு பலகையிலும் அவர்கள் முடிவு செய்தாக வேண்டும்.